கௌரி விரதமும் கும்பளா மீனும்

வெக்கத்தை விட்டு ஒண்டு சொல்லவேணும். போன கிழமை மில்லிக்கனிலை இருக்கிற சீனக் கடையிலை வினாகிரிப் போத்திலைத் திறந்து மணந்துகொண்டு நிண்டு பிடிபட்டுப் போனன். ஒரு போத்தில் இல்லை, மூண்டு. மூண்டாவதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகேக்கை கடையிலை வேலை செய்யிற மனுசி பின்னாலை வந்து செருமினா. ‘மை ஹஸ்பண்ட்’ எண்டு தொடங்கினன். அதுக்கு மேலை இங்கிலீசு வரேல்லை. மனுசி என்னையும் போத்திலையும் மாறி மாறிப் பாத்திட்டு, ‘ஓகே, ஓகே’ எண்டு முதுகிலை தட்டினா. புருஷன் வினாகிரி குடிச்சுச் சீரழிஞ்ச ஆள் எண்டு நினைச்சிருப்பா. மூண்டையும் வாங்கிக்கொண்டு வந்தன். இப்ப குசினி மேசையிலை வரிசையா நிக்குது.

இஞ்சாருங்கோ, ஒண்டுகூட உங்கட மணம் இல்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

பச்சை மீனைச் சோத்துக்கு மேலை வைச்சுக் குடுக்கிற சுஷிக் கடையிலை வேலை செய்யிற ஆம்பிளை வீட்டை வந்தால் மீன் மணக்கும் எண்டுதான் சனம் நினைக்குது. உங்கட சட்டை ஒரு நாளும் மீன் மணந்ததில்லை. கைமடிப்பிலை வினாகிரியும் சுடுசோறும் சேர்ந்த ஒரு மணம். பழஞ்சோத்துச் சட்டியைக் கழுவி வெயிலிலை கவிட்டுவைச்ச மாதிரி. ‘ரொறன்ரோவிலை இருக்கிற பெரிய காசுக்காரர் எல்லாம் இந்தப் பழஞ்சோத்துச் சட்டிக்கு முன்னாலை வந்து குந்தத்தான் மாதக்கணக்காக் காத்திருக்கினமோ?’ எண்டு நான் பகிடி பண்ணுவன். நீங்கள் சிரிக்கவும் மாட்டியள், கோவிக்கவும் மாட்டியள். ‘சட்டையை அங்காலை கொளுவு, தாளிச்ச மணம் பிடிக்கப்போகுது’ எண்டு மட்டும் சொல்லுவியள்.

அந்தச் சட்டையாலை நான் பட்ட பாடு ஆருக்குத் தெரியும்? மீனின்ரை மணம் மெல்லிசாம், அதுக்கு மேலை வேறை மணம் ஏறக்கூடாதாம். சென்ற் பூசிக்கொண்டு வாற ஆக்களையே முகம் சுளிச்சுப் பாக்கிற கடை உங்கட கடை. அதுக்காக எங்கட வீட்டிலை சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை. நீங்கள் வெளிக்கிடுமட்டும் வெங்காயம் வதக்கப்படாது. என்ர தலையிலை எண்ணெய் மணக்குதெண்டு வேலைக்குப் போகேக்கை கிட்டவும் வரமாட்டியள். ஏதோ நான் எயாப்போட்டுக்கு வழியனுப்ப வந்த ஆள் மாதிரி, வாசலிலை நிண்டு கையைக் காட்டிப்போட்டுப் போவியள். மிளகாய்த்தூள் வறுக்கிறதுக்கு நான் பிறம்ரனிலை இருக்கிற தங்கச்சியின்ரை கராஜுக்குப் போவன். தூள் வறுக்க இந்தத் தொங்கல் ஸ்காபரோவிலை இருந்து அந்தத் தொங்கல் பிறம்ரனுக்குப் போன ஒரே பொம்பிளை நானாத்தான் இருக்கும்.

தங்கச்சி சட்டியைக் கிண்டிக்கொண்டு கேப்பாள், ‘அக்கா, அத்தான் என்ன கோயில் ஐயரோ? மீன் வெட்டுறவர்தானே?’

‘ஐயருக்கெண்டாலும் தட்சணை வைச்சால் முகம் மலரும். இவருக்கு அதுவும் இல்லை’ எண்டு நானும் சேர்ந்து சிரிப்பன்.

எனக்கும் அப்ப நீங்கள் மீன் வெட்டுறவர்தான். உந்தக் கடைக்குக் கோப்பை கழுவத்தானே போனனீங்கள். பிறகு மரக்கறி வெட்டினியள், பிறகு சோறு, பிறகு மீன். கடைசியிலை, பத்துப் பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்த நீட்டு மரக் கவுண்டருக்குப் பின்னாலை, கடைக்குச் சொந்தக்காரரான யப்பான் செஃபுக்குப் பக்கத்திலை, ஒரு யாழ்ப்பாணத்துக் கறுத்த முகம். அந்தச் செஃபை நாங்கள் வீட்டிலை பெரியவர் எண்டுதான் சொல்லுறது. முதல் நாள் வந்திருந்த ஆக்கள் உங்களைக் கண்டிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்தவையாம். நீங்கள் வீட்டை வந்து சொன்னதை நான் மறக்கேல்லை. ‘என்ர முகத்தைப் பாத்திட்டுப் பேசாமல் இருந்தினம். சாப்பிட்டிட்டும் பேசாமல் இருந்தினம். எனக்கு ரெண்டாவது காணும்.’

வீட்டிலை ஒரு தேத்தண்ணியும் போடமாட்டியள். என்ர கறியிலை குறை பிடிக்க மட்டும் வருவியள். ஒருக்கால் கணவாய்க் கறி வைச்சுத் தந்தன். முதல் துண்டையே கன நேரம் சப்பிக்கொண்டிருந்தியள்.

‘என்னப்பா, பல்லுக் கொதியோ?’

‘இல்லை. நீ கணவாயை ரெண்டு தரம் சாக்காட்டியிருக்கிறாய். கடலிலை ஒருக்கால், சட்டியிலை ஒருக்கால்.’

‘நீங்கள் ஒருக்காலும் வடிவாச் சாக்காட்டாமல் எல்லோ சனத்துக்குக் குடுக்கிறியள்.’

அண்டைக்குச் சிரிச்சியள். புரையேறி, கண்ணிலை தண்ணி வந்து, நான் தலையிலை தட்டி, அப்பவும் சிரிப்பு நிக்கேல்லை.

உங்கட கையாலை நான் ஒரு வாய் சாப்பிடவேணும் எண்டு உங்களுக்கு ஆசை. நீங்கள் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான். நானும் சொன்னதில்லை. நாங்கள் கலியாணம் கட்டினதில் இருந்து முக்கியமான ஒண்டையும் வாயாலை சொல்லிப் பழக்கமில்லாத ஆக்கள், மற்றதெல்லாம் கதைப்பம். நீங்கள் உள்ளுக்கை, திரைச்சீலைக்குப் பின்னாலை நிண்டு வேலை செய்த காலத்திலை, ‘நீ வந்து திரைச்சீலையைப் பாத்துக்கொண்டோ இருக்கப்போறாய்?’ எண்டு தட்டிக்கழிச்சிட்டியள். கவுண்டருக்கு வந்த முதல் வருஷம்தான் பெரியவர் கேட்டிருக்கிறார். கடை திறந்த நாளிலை, வருஷத்துக்கு ஒருக்கால், ஒரு சமையல்காரற்றை வீட்டிலை இருந்து ஒராளைக் கூப்பிட்டுக் கவுண்டரிலை இருத்திச் சாப்பாடு குடுக்கிறது அவற்றை வழக்கம். அந்த முறை உங்கட மனுசி.

யூலையிலை சொன்னியள், ஒக்ரோபரிலை ஒரு புதன்கிழமை எண்டு. நான் முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டிருந்தன். வெள்ளியில்லை, செவ்வாயில்லை, மீன் மச்சத்துக்குத் தடையில்லை. ‘ஓம்’ எண்டன். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அந்தளவு கணக்குக் காணும் எண்டு நினைச்சன்.

கௌரி விரதம் சந்திரனைப் பாத்து வரும். உங்கட பெரியவர் கலண்டரைப் பாக்கிறார். நான் ரெண்டையும் பாக்கேல்லை.

ஒக்ரோபரிலை ஒரு காலமை தங்கச்சி ரெலிபோன் எடுத்து, ‘அக்கா, இண்டைக்கு விரதம் தொடங்குது, மறந்துபோய் முட்டை கிட்டை பொரிச்சிடாதை’ எண்டாள். விரலை மடிச்சுப் பாத்தன். புருஷன்ரை ஆயுளுக்காக இருவத்தொரு நாள் ஒரு நேரம் மரக்கறிச் சாப்பாடு, கடைசி நாள் கோயிலிலை இருவத்தொரு இழை நூல் காப்பு. அந்தப் புதன்கிழமை சரியா நடுவிலை போய் விழுந்திருக்கு.

நீங்கள் வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டு நிண்டியள். அந்த வேலையை ஒரு நாளும் என்னட்டைத் தந்ததில்லை.

‘இஞ்சாருங்கோ, பெரியவரிட்டை ஒருக்கால் நாளை மாத்தக் கேளுங்கோவன்.’

‘எந்த நாளை?’

‘எனக்குக் கௌரி விரதமெல்லோ.’

அயர்ன் நிண்டுது. ‘அவற்றை கடை திறந்த நாளை அவர் என்னெண்டு மாத்துறது? நீ அம்மனிட்டைக் கேட்டு மாத்து.’

‘அம்மன் கலியாணம் கட்டின நாளிலை இருந்து என்னோடை இருக்கிறா. உங்கட பெரியவரை நான் கண்டதே இல்லை.’

தங்கச்சிக்கும் சொன்னன். அவள் வழக்கம்போலைக் குறுக்கு வழி சொன்னாள். ‘ஒரு நாள்தானே அக்கா. இருவத்தொரு இழையிலை ஒண்டு குறைஞ்சால் ஆர் எண்ணப்போகினம்?’

‘நான் எண்ணுவன்’ எண்டன்.

விரதத்தோடையே கடைக்கு வந்தன். வராமல் விட்டால் பெரியவருக்கு மரியாதையில்லை எண்டு சொல்லிப்போட்டியள்.

அங்கை போய்த்தான் தெரிஞ்சுது, உங்கட ஆக்களுக்கு மரக்கறியிலும் மீன் இருக்கு. எங்கட மாசிக்கருவாடு மாதிரி ஒரு கட்டையை மெல்லிசாச் சீவிப்போட்டு எடுத்த தண்ணியிலைதான் சூப்பு, கிழங்கு, கீரை எல்லாம். நீங்கள் எனக்கெண்டு கடற்பாசியை மட்டும் ஊறவைச்சுத் தனியா ஒரு தண்ணி எடுத்து வைச்சிருந்தியள். சோத்தைப் பிடிச்சு, மேலை சுட்ட கத்தரிக்காயை வைச்சுத் தந்தியள். பிறகு காளான். பிறகு இன்னொரு கத்தரிக்காய். எனக்கு ரெண்டு பக்கமும் இருந்தவை கண்ணை மூடி மூடிச் சாப்பிடுகினம்.

‘வீட்டிலை எண்டால் இந்தக் கத்தரிக்காய்க்கு ஒரு பால்கறியாவது வைச்சிருப்பன்’ எண்டு மெல்லமாச் சொன்னன். நீங்கள் நிமிந்து பாக்கேல்லை.

ஆனால் நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். நீங்கள் வேலை செய்யிறதை அண்டைக்குத்தான் முதல்முதல் கண்டனான். கத்தி மீனுக்குள்ளை போறது தெரியேல்லை, வெளியிலை வாறதுதான் தெரிஞ்சுது. சோத்தை எடுத்தால் குருவிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி ஒரு பிடி. ஒரு துண்டை வைச்ச உடனை ஒரு அடி பின்னாலை போய், சாப்பிடுற ஆளின்ரை வாயைப் பாக்காமல் தோளைப் பாப்பியள். தோள் இறங்கினால் அடுத்த மீனிலை கை வைப்பியள். ரிமோற்றைக் காணேல்லை எண்டு தலையணையெல்லாம் தூக்கி எறியிற மனுசன்தானோ இது எண்டு நினைச்சன். இவ்வளவு நாளும் இதை என்னட்டைக் காட்டாமல் என்னத்துக்கு வைச்சிருந்தவர் எண்டு கோபமும் வந்தது.

பிறகு அந்தத் துண்டை வைச்சியள். கும்பளா. ஊரிலை மலிவு எண்டு வாங்கி, முள்ளைப் பாத்துத் தின் எண்டு சொல்லிக் குடுக்கிற அதே மீன் சாதி. நீங்கள் அதை உப்பிலை புதைச்சு, கழுவி, வினாகிரியிலை கிடத்தி எடுப்பியள். கும்பளாவிலை மட்டும் தன்ரை கையைவிட உங்கட கை நல்லது எண்டு பெரியவரே ஆக்களுக்கு முன்னாலை சொல்லியிருக்கிறார். அதைத்தான் எனக்கெண்டு பதம் பண்ணி வைச்சிருந்தியள், விரதம் எண்டு தெரிஞ்சும். தோல் வெள்ளிக் காசு மாதிரி மினுங்கிச்சு. நீங்கள் குனிஞ்சு, தமிழிலை, மற்றவைக்குக் கேக்காமல் சொன்னியள்.

‘ஒண்டே ஒண்டு.’

நான் மாட்டன் எண்டு தலையை ஆட்டினன்.

அங்கை வைச்ச உடனை சாப்பிடவேணும். அது கிடந்தது. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரக் கிழவி அதைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு தன்ரை கையைப் பாத்தா. மினுக்கம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. கடைசியிலை நீங்கள் கையை நீட்டி எடுத்து உங்கட வாயிலேயே வைச்சியள். கவுண்டருக்குப் பின்னாலை நிக்கிறவர் ஆக்களுக்கு முன்னாலை சாப்பிடுறது உங்கட தொழிலிலை நடக்காத விசயம் எண்டு எனக்கும் விளங்கிச்சு. பெரியவர் திரும்பிப் பாத்தார். சப்பி முடியுமட்டும் நீங்கள் என்னையே பாத்துக்கொண்டு நிண்டியள்.

அடுத்த நாள் காலமை சண்டை. உங்களுக்கு வேலைக்கு நேரம் போகுது, எனக்குக் கோயிலுக்கு நேரம் போகுது.

‘நீ எனக்காண்டித்தானே விரதம் பிடிக்கிறாய்?’

‘பின்னை பக்கத்து வீட்டுக்காரருக்கோ?’

‘அப்ப எனக்கு ஆயுளிலை ஒரு நாள் குறைஞ்சாலும் பறவாயில்லை. நேற்று நீ அதைச் சாப்பிட்டிருக்கலாம்.’

‘உந்த விசர்க் கதையை நிப்பாட்டுங்கோ. வாற வருஷம் பெரியவற்றை கலண்டரையும் கோயில் கலண்டரையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்து வாறன். மீன் எங்கையும் ஓடிப்போகாது.’

‘மீன் ஓடாது’ எண்டு சொல்லிப்போட்டு, வாசலிலை நிண்டு கையைக் காட்டாமல் போயிட்டியள்.

ரெண்டு நாளிலை கோபம் ஆறிச்சு, கையும் காட்டினியள். ஆனால் உங்களுக்குக் கையைக் கழுவிப்போட்டு இன்னொரு நாள் எனக்கொரு துண்டு வெட்டித் தரவும் தோன்றேல்லை, எனக்குக் கேக்கவும் தோன்றேல்லை. விரதம் முடிஞ்சு நூலையும் கட்டிக்கொண்டு வந்தன். கிறிஸ்மஸ் வந்தது, பொங்கல் வந்தது. வாற வருஷம் எண்டு ரெண்டு பேரும் வைச்சிட்டம். பிறகு மாசியிலை, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பஸ் தரிப்பிலை நிண்டபடியே விழுந்தியள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேல்லை. என்ர கையிலை அந்த நூல் இருந்தது. இருவத்தொரு இழையும்.

அம்மனோடை நான் இன்னும் கதைக்கிறதில்லை. அவ எனக்கு வாக்குத் தந்தவ எண்டு சொல்லேலாதுதான். ஆனால் நான் என்ர பக்கத்து வேலையைக் குறையில்லாமல் செய்தனான்.

செத்த வீட்டிலையும் எரிச்சல்தான். ‘மனுசன் சுஷி சுத்துறவரெல்லோ?’ எண்டு ஒராள். ‘புஃபே கடையோ?’ எண்டு இன்னொராள். உங்கட சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்து, ‘உந்தப் பச்சை மீன் திண்டதாலை வந்த வருத்தமாயிருக்குமோ தங்கச்சி?’ எண்டார். நான் அழுதுகொண்டிருந்தபடியால் அவர் தப்பினார். பெரியவரும் கடை ஆக்களும் கறுப்புக் கோட்டோடை வந்து வரிசையிலை நிண்டவை. வாய்க்கரிசி போடேக்கை எங்கட ஆக்கள் அள்ளி ஒரு வீச்சு வீசிப்போட்டு நடந்திச்சினம். பெரியவர் என்னெண்டு செய்யிறது எண்டு எங்கட மகளிட்டைக் கேட்டு, மூண்டு விரலாலை கொஞ்சம் எடுத்து, உங்கட உதட்டிலை ஒண்டும் சிதறாமல் வைச்சார். வைச்சிட்டு ஒரு அடி பின்னாலை போய் நிண்டார்.

பிறகு அவர் மகளின்ரை ரெலிபோனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார். ‘அம்மா வரட்டும். எந்த நாளும் வரட்டும்.’ அம்மா போகேல்லை. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிடாத நான் ஆற்றை முகத்தைப் பாத்துச் சாப்பிடுறது? ‘அம்மா, திஸ் இஸ் ரூட்’ எண்டு மகள் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனாள்.

இந்த ஒக்ரோபரிலை ஒரு காலமை தங்கச்சியின்ரை ரெலிபோன். ‘அக்கா, இண்டைக்கு விரதம் தொடங்...’ எண்டு பழக்க தோஷத்திலை தொடங்கிப்போட்டு அப்பிடியே நிப்பாட்டினாள்.

‘உனக்குத்தானெடி தொடங்குது. எனக்கில்லை’ எண்டன் நான்.

ரெலிபோனை வைச்சிட்டுக் கதிரையிலை இருந்தன். போன வருஷம் விரதம் எண்டு சாப்பிடேல்லை. இந்த வருஷம் அதே நாளுகளிலை நான் என்னத்தையும் சாப்பிடலாம், ஏனெண்டால் ஆற்றை ஆயுளுக்கும் நான் இனி விரதம் பிடிக்கத் தேவையில்லை. இது என்ன நியாயம் எண்டு சுவரைப் பாத்துக் கேட்டன். பிறகு மகளைக் கூப்பிட்டு, பெரியவருக்குச் செய்தி அனுப்பச் சொன்னன்.

‘ஆர் யூ ஷுவர், அம்மா? நானும் வரட்டோ?’

‘வேண்டாம். எனக்கும் உன்ர அப்பாவுக்கும் இடையிலை உள்ள விசயம்.’

கடைக்கு வெளிக்கிடேக்கை தலைக்கு எண்ணெய் வைக்கேல்லை. வாசமில்லாத சவுக்காரம் தேடி எடுத்துக் குளிச்சன். வெளிக்கிட ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் அடுப்பை நிப்பாட்டினன். நீங்கள் போய் இவ்வளவு நாளாகியும் நான் வீட்டிலை தூள் வறுக்கிறதில்லை, இப்பவும் பிறம்ரன்தான். உங்கட படத்துக்குக் கொளுத்த எண்டு ஊதுபத்தி ஒரு பெட்டி வாங்கினன். நெருப்புப்பெட்டியைக் கையிலை எடுத்திட்டு, பிறகு கொளுத்தாமல் வைச்சிட்டன். கணவாயைச் சட்டியிலை இருந்து வேளைக்கு இறக்கிறன். மகள் நல்லாயிருக்கு எண்டு சொல்லுறாள், அதுக்கும் எனக்கு எரிச்சல்தான் வருது. உங்களிட்டைச் சொல்லாமல் வேறை ஆரிட்டைச் சொல்லுறது?

பச்சைச் சீலை உடுத்திக்கொண்டு பஸ்ஸிலும் சப்வேயிலுமாப் போனன். நீங்கள் நிண்ட இடத்திலை பெரியவர் நிண்டார். அவருக்கும் இங்கிலீசு அரைகுறை, எனக்கும் அரைகுறை. நல்லா விளங்கிக்கொண்டம். முதல் கணவாய் தந்தார், பச்சையா. நாக்கிலை ஒட்டிப்பிடிச்சுது. எனக்குப் பிடிக்கேல்லை, உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டன். பிறகு வந்ததெல்லாம் நல்லாயிருந்தது. என்ர தோள் இறங்கினதோ தெரியாது, அவர் பாத்துக்கொண்டுதான் நிண்டார்.

பிறகு கும்பளாவை வைச்சார். ‘ஹிஸ் வே’ எண்டார். உங்கட முறையிலை உப்பு, உங்கட முறையிலை வினாகிரி.

நான் எடுத்தன். எடுத்துக் கையிலை வைச்சுக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல், மனசுக்குள்ளை உங்களோடை கதைக்கத் தொடங்கிட்டன். கன கதை இருந்தது. அந்தச் சோறு இறுக்கிப் பிடிக்கிற சோறில்லை. அது நான் கதைச்சு முடியுமட்டும் நிக்கேல்லை. மீன் கையிலை, சோறு மடியிலை.

மீனைச் சாப்பிட்டன். உப்புச் சரி. புளிப்புச் சரி. பிறகு குனிஞ்சு சீலையிலை கிடந்த சோத்தைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டன். மற்ற ஒன்பது பேரும் தங்கட தங்கட கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தினம். பெரியவர் மற்றப் பக்கம் திரும்பி, துடைச்சு வைச்ச கத்தியைத் திருப்பித் துடைச்சார். ஒரு பருக்கை சீலை மடிப்புக்குள்ளை போயிருக்கு. அதைச் சப்வேயிலை வரேக்கைதான் கண்டனான். எடுத்து வாயிலை வைச்சன். பக்கத்திலை இருந்த மனுசன் எழும்பிப் போய் வேறை சீற்றிலை இருந்தார்.